கையில் போன், கண்ணில் தூக்கம்: கேள்வி-பதில்

கே: பத்தாம் வகுப்பு மகன் தினமும் ஐந்து மணி நேரம் போனில் இருக்கிறான். அடிமையாகிவிட்டானா?

அதில் பாடம் எவ்வளவு, கேம் எவ்வளவு, எத்தனை மணிக்குப் படுக்கிறான்? எதையும் எழுதாமல் தீர்ப்பை மட்டும் கேட்டால் எப்படி? முதலில் தூக்கத்தைப் பாருங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும்.

கே: இணையத்தில் கிடைத்த 20 கேள்விச் சோதனையில் மகளுக்குக் 'கடுமையான அடிமைத்தனம்' என்று வந்தது. பள்ளியிலும் சொல்லிவிட்டோம். சிகிச்சைக்கு எங்கே சேர்க்கலாம்?

எங்கேயும் சேர்க்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். இதை எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. இப்படிச் சுற்றும் சோதனைகளில் பிரபலமானது அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1998-இல் வெளியிட்டது. ரீல்ஸ் எல்லாம் வராத காலம். யாரை மேற்கொண்டு விசாரிக்கலாம் என்று சலித்தெடுக்க அது உதவும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடப்பில் உள்ள ஐசிடி-11-இல், கேமிங் கோளாறு உண்டு. இணைய அடிமைத்தனம் என்று தனி நோய் இல்லை. கேமிங் கோளாறு என்று சொல்வதற்கே, விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போவது, மற்றதெல்லாம் பின்னுக்குப் போவது, கெடுகிறது என்று தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஒரு வருடமாவது நீடித்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் மார்க் போட்டுச் சொல்கிற விஷயமா இது? பல பிள்ளைகளுக்கு அடியில் மனச்சோர்வோ பதற்றமோ இருக்கும். போன் வெளியே தெரிகிறது, அது தெரிவதில்லை. போனை எடுக்கும்போது எதிலிருந்து தப்பிக்கிறாள் என்று விசாரியுங்கள். பள்ளிக்குப் போக மறுக்கிறாள், தோழிகளை விட்டு ஒதுங்குகிறாள் என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அந்த மார்க் ஷீட் வேண்டாம்.

கே: போனைப் பிடுங்கி ஒளித்து வைக்கலாமா?

வேண்டாம். இரண்டு நாள் சண்டை, அப்புறம் நண்பனின் போன்.

கே: நள்ளிரவிலும் 'இன்னும் ஒரே ஒரு வீடியோ' என்கிறாள்.

அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துங்கள், நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். சார்ஜர் ஹாலில் இருக்கட்டும், உங்களுடையதும் அங்கேதான். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பாள், தனிக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், தூக்கம்தான் முதலில்.

கே: மேட்ச் நடுவில் அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார். வெளியேறினால் டீமே திட்டுகிறது. (ஒரு மாணவன்)

ஆன்லைன் மேட்சை நிறுத்தி வைக்க முடியாது என்பதை அம்மாவுக்குச் சொல். ஒரு மேட்ச் அரை மணி நேரம் ஓடும் என்றால், சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னால் புதிதாக ஒன்றைத் தொடங்கியது உன் தப்பு.