குதிக்கால் நோ முழங்காலுக்கு ஏறுமா?

கொடிகாமத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதுகிறார்: "எனக்கு வயது 46. நாள் முழுவதும் சீமெந்துத் தரையில் நின்றபடிதான் படிப்பிக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் வலது குதிக்காலில் நோ தொடங்கியது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி குத்துவது போல இருக்கும். நான்கு மாதம் கழித்து இடது முழங்கால் நோகத் தொடங்கியது. இப்போது நாரியும் பிடிக்கிறது. முழங்கால் எக்ஸ்றேயைப் பார்த்துவிட்டுச் சிறிய தேய்மானம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் பாதம்தான் காரணம் என்கிறார் ஓர் உறவினர். சப்பாத்துக்குள் வைக்கும் விலை கூடிய இன்சோல் ஒன்றை அனுப்புகிறேன் என்று கனடாவிலுள்ள தம்பி சொல்கிறான். அனுப்பச் சொல்லலாமா?"

தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், ரீச்சர்.

உறவினர் சொன்னதில் பாதி சரி. உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது எக்ஸ்றே முடிவு அல்ல, நோ வந்த ஒழுங்குதான். முதலில் வலது குதி, பிறகு இடது முழங்கால், கடைசியில் நாரி. 46 வயதில் எக்ஸ்றே எடுத்தால் நோவே இல்லாத முழங்காலிலும் சிறிய தேய்மானம் தெரியக்கூடும். குதிக்காலில் 'முள் வளர்ந்திருக்கிறது' என்று சொல்லிப் பயமுறுத்தும் படமும் அப்படித்தான். முள் இருந்தும் நோ இல்லாமல் ஓடித் திரிகிறவர்கள் ஏராளம்.

உங்கள் குதி நோவை ஊரில் குதிவாதம் என்பார்கள். குதியெலும்பிலிருந்து விரல்களின் அடி வரை பாதத்தின் கீழே ஓடும் தடித்த நார்ப்பட்டி, எலும்போடு பொருந்தும் இடத்தில் நொந்துபோயிருக்கிறது. இரவெல்லாம் சுருங்கிக் கிடந்த பட்டியை முதல் அடி திடீரென இழுக்கிறது. அதனால்தான் அந்த ஆணிக் குத்து.

இனி நடையைப் பாருங்கள். நடக்கும்போது ஒவ்வொரு காலும் தன் சுற்றில் ஏறக்குறைய 60 வீத நேரம் நிலத்தில் இருக்கிறது. குதி நோகிறவர் தான் அறியாமலே அந்த நேரத்தைக் குறைத்துக்கொள்கிறார். குதியை ஊன்றாமல் முன்பாதத்தால் தொட்டு, அவசரமாக மற்றக் காலுக்குப் பாரத்தை மாற்றிவிடுகிறார். சாதாரண நடையிலேயே முழங்கால் மூட்டில் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை இறங்குகிறது. ஏற்கெனவே அவ்வளவைத் தாங்கும் இடது முழங்காலுக்கு வலது காலின் பங்கும் கொஞ்சம் சேர்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் அது பொறுத்துக்கொள்ளும். நான்கு மாதம், நாளுக்குச் சில ஆயிரம் அடிகள் என்றால் முறையிடத்தானே செய்யும்? உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்க, அந்தச் சாய்வைப் பிடித்து நிறுத்துவதிலேயே நாரித் தசைகள் களைத்துப்போகின்றன.

பாதத்திலிருந்து நோ மேலே ஏற வேறு வழிகளும் உண்டு. பாதத்தின் உள்வளைவு அளவுக்கு மிஞ்சிச் சரிந்தால் கீழ்க்கால் உட்பக்கம் திரும்பும். முழங்காலும் தொடையும் அதோடு இழுபடும். கெண்டைக்கால் தசை இறுகிக் கணுக்கால் மடங்காவிட்டால் குதி நேரத்துக்கு முன்பே நிலத்தை விட்டுக் கிளம்பிவிடும். பெருவிரல் மூட்டு விறைத்தவர் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து நடப்பார். தேர் இழுக்கும்போது சில்லுக்குப் போடும் கட்டை கொஞ்சம் பிசகினால் மேலே கலசம் எவ்வளவு ஆடுகிறது என்று கண்டிருப்பீர்கள். பாதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தேர் உவமையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். ஆனால் தேருக்குத் தசை இல்லை. மனித உடம்பு சிறு கோணல்களைத் தானே சரிக்கட்டும். தட்டைப் பாதத்தோடு பிறந்து, எழுபது வயது வரை தோட்டம் கொத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கால் சில மில்லிமீற்றர் குட்டையாக இருப்பது பலருக்கும் சாதாரணம். ஆகவே பாதம் தட்டையாக இருக்கிறது என்பது மட்டும் குற்றச்சாட்டு ஆகாது. அந்தப் பாதம் நோக வேண்டும், அல்லது அண்மையில் உருமாறியிருக்க வேண்டும், அல்லது வேலை செய்ய மறுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். இடுப்புத் தசை பலவீனமானால் முழங்கால் உள்ளே விழுந்து, பாதமும் சரியும். நாரியில் நரம்பு நெருக்குண்டால் அந்த நோ குதிக்காலில் தெரியும். அது காலையில் முதல் அடியோடு சேர்ந்து வராது. எரிவு, விறைப்பு, மின்சாரம் ஓடுவது போன்ற உணர்வு என்று படுத்திருக்கும்போதும் வரும். உங்களுடையது அப்படித் தெரியவில்லை. குதியின் அடியில், உட்பக்கத்துக்குச் சற்று முன்னே பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே 'ஐயோ' என்றால் நோ பட்டியில்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள் உண்டு. கிணற்றடியில் ஈரக் காலோடு சீமெந்தில் மிதித்து அடையாளம் பார்ப்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அது பாதத்தின் உருவத்தைக் காட்டும், வேலையைக் காட்டாது. நான் சொல்லும் மூன்றில் முதலாவது, நாளாந்தம் போடும் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். வெளிக்குதி சற்றுத் தேய்ந்திருப்பது இயல்பு. வலதுக்கும் இடதுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் அது கவனிக்க வேண்டியது. இரண்டாவது, சுவரை நோக்கி நின்று, பெருவிரல் நுனியைச் சுவரிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். குதியைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா? ஒரு காலால் முடிந்து மற்றக் காலால் முடியாவிட்டால் அந்தக் கணுக்கால் இறுகியிருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம். சுவரில் விரல்களை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று குதியை உயர்த்துங்கள். வீட்டில் ஒருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். உயரும்போது குதி சற்று உட்பக்கம் திரும்ப வேண்டும். உயரவே முடியாமல், கணுக்காலின் உட்பக்கமும் வீங்கி நொந்தால், வளைவைத் தாங்கும் தசைநாண் பாதிக்கப்பட்டிருக்கலாம். நடுவயதுப் பெண்களுக்கு இது வருவதுண்டு. இதைத் தள்ளிப்போடாமல் எலும்பியல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். கட்டிலை விட்டு இறங்குமுன் வலது பாதத்தை இடது முழங்கால் மேல் போட்டு, விரல்களைக் கையால் பின்னுக்கு மடக்கிப் பத்து வினாடி பிடியுங்கள். இப்படிப் பத்துத் தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள், படிக்கட்டு விளிம்பில் விரல்களுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்துக்கொண்டு நின்று குதியை மெதுவாக உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள். தடவைக்குப் பன்னிரண்டாக மூன்று சுற்று. ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலில் தொடங்கலாம். முழங்காலையும் சும்மா விடாதீர்கள். கதிரையில் இருந்து கைகளை ஊன்றாமல் எழும்பி இருக்கும் பயிற்சி தொடையைப் பலப்படுத்தும். பள்ளியில் ஒவ்வொரு பாடத்துக்கும் இடையில் ஐந்து நிமிடமாவது அமருங்கள்.

செருப்பு விடயத்தில் நமது பழக்கம் ஒரு சிக்கல். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மாபிள் தரையில் வெறுங்காலோடுதான் சமையல் முழுவதும் நடக்கிறது. வெளியே போடுவதோ, எந்த நிறுவனம் செய்தாலும் நாம் 'பாட்டா' என்றே சொல்லும் மெல்லிய ரப்பர் செருப்பு. நோ தணியும் வரை வீட்டுக்குள் மட்டும் போட, குதி சற்று உயர்ந்த, மெத்தென்ற ஒரு சோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குசினிக்குள் செருப்பா என்று மாமியார் கேட்டால் வைத்தியம் என்று சொல்லுங்கள். சாமியறை வாசலில் கழற்றலாம். பள்ளிக்குப் பின்பட்டி உள்ள செருப்போ சப்பாத்தோ நல்லது.

இப்போது தம்பியின் இன்சோல். குதி நோவுக்கு இன்சோல் சிலருக்கு உதவும். ஆனால் அளவெடுத்துச் செய்யும் விலை கூடியது, கடையில் வாங்கும் சாதாரணமானதைவிடப் பெரிதாக எதையும் சாதிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. நாரிநோ வராமல் தடுக்க எல்லாரும் இன்சோல் போட வேண்டும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அதோடு, செருப்பே போடுகிறவருக்குச் சப்பாத்துக்குள் வைப்பது எதற்கு? இங்கே கிடைக்கும் சாதாரணக் குதி மெத்தை ஒன்றை ஆறு வாரம் போட்டுப் பாருங்கள். அந்த ஆறு வாரமே உங்கள் கேள்விக்கும் விடை தரும். குதி தணியத் தணிய முழங்காலும் நாரியும் தணிந்தால் உறவினர் வென்றார். குதி தணிந்தும் முழங்கால் அப்படியே இருந்தால் அது தனி வழக்கு, அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். குதிவாதம் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் அடங்கும். ஆறு வாரத்தில் முழுதாகப் போகவில்லை என்று மனம் உடையாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நீரிழிவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. சீனி பார்த்து நாளாகியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். நீரிழிவால் பாதம் விறைத்தவருக்குப் பொருந்தாத இன்சோல் புண்ணை உண்டாக்கும், அவருக்கு அது தெரியவும் மாட்டாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் நண்பகல் மணலில் வெறுங்காலோடு வீதி சுற்றி, கொப்புளம் வந்ததை வீட்டுக்கு வந்த பிறகே கண்டவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் காலைப் பூசைக்கோ மாலைத் திருவிழாவுக்கோ போகலாம்.

செருப்பு கழன்று விழுவது தெரியாமல் நடக்கிறீர்களா, முன்பாதம் தொங்கித் தட்டுப்படுகிறதா, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறதா? ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். நாரிநோவோடு, அமரும்போது தரையில் படும் பகுதி மரத்துப்போய்ச் சிறுநீர் கட்டுப்பட்டாலோ தெரியாமல் போனாலோ அன்றே யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. வைத்தியரிடம் போகும் நாளில் பலர் இருப்பதிலேயே நல்ல சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எங்களுக்கு அது எதையும் சொல்வதில்லை. தேய்ந்துபோன அந்தப் பழைய சோடியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கழுவ வேண்டாம்.