கார்டு வட்டிக்கு அரசு கடிவாளம் போடாதா?

கேள்வி: பத்து மாதத்துக்கு முன் என் கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் பாக்கி இருந்தது. மாதம் தவறாமல் மினிமம் டியூ (குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய தொகை) கட்டியும் இப்போது 1,20,000 ஆகிவிட்டது. வட்டி மாதம் 3.5%. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பு இருப்பதாகப் படித்தேன். வங்கிமீது புகார் கொடுக்கலாமா? கொழுந்தனார் மாதம் எட்டாயிரம் வரை என் கார்டில் தேய்ப்பார். பணத்தைக் கையில் தந்துவிடுவதால் அதில் பிரச்சினை இல்லை. (ஒரு வாசகி)

பதில்: நீங்கள் படித்தது பழைய செய்தி. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அப்படிச் சொன்னது உண்மைதான். 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. வட்டி விஷயம் ரிசர்வ் வங்கியின் எல்லைக்குள் வருவது என்று சொல்லிவிட்டது. ரிசர்வ் வங்கியோ, அநியாய வட்டி கூடாது, விகிதத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறதே தவிர, இத்தனை சதவீதம்தான் என்று உச்சவரம்பு வைக்கவில்லை. ஆகவே மாதம் 3.5%, அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் என்பதற்காக மட்டும் புகார் கொடுத்துப் பயனில்லை.

சரி, நாளைக்கே 30% வரம்பு வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். உங்கள் பாக்கிக்கு இப்போது மாத வட்டி 4,200, அதற்கு 18% ஜிஎஸ்டி 756, ஆக மொத்தம் சுமார் 4,950. முப்பது சதவீதமானால் இது 3,540 ஆகும். மிச்சம் 1,400 சொச்சம். கொழுந்தனார் தேய்ப்பது எட்டாயிரம்!

நீங்கள் பிரச்சினை இல்லை என்று ஒரே வரியில் தள்ளிவிட்ட இடத்தில்தான் பிரச்சினையே இருக்கிறது. மினிமம் 5% என்றால் 6,000 கட்டுகிறீர்கள். வட்டியும் வரியும் போக அசலில் குறைவது ஆயிரம் ரூபாய்தான். அதே மாதம் எட்டாயிரம் ஏறுகிறது. நிகரமாக ஏழாயிரம் கூடுகிறது. பத்து மாதத்தில் எழுபதாயிரம். உங்கள் கடன் வளர்ந்த கணக்கு அப்படியே வந்துவிட்டது பாருங்கள். அப்படியானால் அவர் கையில் தந்த பணம் எங்கே போனது? கார்டுக்குப் போகவில்லை, வீட்டுச் செலவில் கரைந்திருக்கிறது. இன்னொன்று, பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. தேய்த்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும். அவர் 25 நாள் கழித்து எட்டாயிரத்தைத் தந்தாலும் அதற்குள் 275 ரூபாய் உங்கள் தலையில் விழுந்திருக்கும். அவர்மேல் தப்பில்லை, அவருக்கு இது தெரிந்திருக்காது. ஸ்டேட்மென்ட்டைக் காட்டி, இனி முடியாது என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். சங்கடம்தான். ஆனாலும் இந்த மாதமே சொல்லியாக வேண்டும்.

அப்புறம், கடனை இடம் மாற்றுங்கள். 15% வட்டியில் 1,20,000 பர்சனல் லோன் கிடைத்தால் 24 மாதத்துக்குத் தவணை ஏறக்குறைய 5,820. இப்போது கட்டும் அதே ஆறாயிரத்தில் இரண்டே வருடத்தில் கடன் தீர்ந்துவிடும். அந்த வட்டிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. கார்டு ஆப்பிலேயே ‘ஒரே கிளிக்கில் ஈஎம்ஐ’ என்று மின்னும் பட்டனை அழுத்திவிடாதீர்கள். பிராசஸிங் கட்டணம், வட்டி, வட்டிமேல் ஜிஎஸ்டி மூன்றையும் கூட்டிப் பார்க்காமல் அதைத் தொடவே வேண்டாம்.

லோன் பணம் வந்த அன்றே கார்டு பாக்கியை முழுக்கக் கட்டி, கார்டை மூடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. உங்களுக்கு இப்போது உதவுகிற விதி இதுதான். கோரிக்கை கொடுத்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.