அட்மின் ஜெயிலுக்குப் போவாரா? தெரு வீடியோவும் டிவியின் பழைய காட்சியும்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவுக்கான வாட்ஸ்அப் குரூப்பை நடத்துகிறேன். முன்னூறு பேர் வரை இருக்கிறார்கள். அடிபம்பில் சாக்கடை கலந்த தண்ணீர் வந்ததை வீடியோ எடுத்துப் போட்டோம். "இனிமே இந்த மாதிரி போட்டா சைபர் கிரைம் கேஸ்தான், உள்ளே போறது அட்மின்தான்" என்று ஒரு கட்சிக்காரர் மிரட்டுகிறார். இதற்கு நடுவில், பக்கத்துத் தெருவில் நடந்த ஒரு கொலையைப் பற்றி டிவியில் செய்தி போட்டபோது, எங்கள் கேரம் கிளப் பையன்கள் விளையாடும் பழைய காட்சியை ஓட்டி "ரவுடிகளின் கூடாரம்" என்றார்கள். பையன்களின் முகம் பளிச்சென்று தெரிகிறது. வீடியோ போடுவதை நிறுத்திவிடலாமா? டிவிக்காரர்களை யாரிடம் போய்க் கேட்பது?

பதில்: நிறுத்த வேண்டாம். எடுக்கும் விதத்தையும் அதற்கு மேலே எழுதும் வரியையும் மாற்றினால் போதும்.

முதலில் அந்த மிரட்டல். இன்னொரு உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் குற்றவாளி ஆக மாட்டீர்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-லும் கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் இதைச் சொல்லியிருக்கின்றன. நமக்கு நேராகப் பொருந்துவது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. கரூர் வழக்கறிஞர்களின் குரூப் ஒன்றில் வந்த பதிவு குறித்த வழக்கு அது. மனுதாரர் வெறும் அட்மினாக மட்டுமே இருந்தார் என்றால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அட்மினால் ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம். ஒருவர் என்ன எழுதப்போகிறார் என்பதை முன்கூட்டியே பார்த்துத் தடுக்க முடியாது என்பதுதான் இதற்கெல்லாம் அடிப்படை. பதிவு போட்டவரோடு முன்பே பேசிவைத்துக்கொண்டு செய்திருந்தால் அது வேறு கதை.

"சைபர் கிரைம் கேஸ்" என்று வாய்க்கு வந்தபடி சொல்பவர்கள் மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பழைய 66ஏ பிரிவு. ஃபேஸ்புக்கில் ஒரு கருத்தைப் போட்டதற்காக 2012-ல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் இரண்டு இளம்பெண்களைக் கைது செய்தார்களே, அந்தப் பிரிவு. 2015 மார்ச் 24-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடியோடு ரத்து செய்துவிட்டது. அதன் பிறகும் அதன் கீழ் வழக்குகள் நடந்துகொண்டிருந்ததால், யார் மீதும் அந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. உங்களுக்கு ஏதாவது காகிதம் வந்தால் முதலில் எந்தப் பிரிவு என்று பாருங்கள்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: ஃபார்வர்டு. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை 2018-ல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்த நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி. சேகர், படிக்காமல் அனுப்பிவிட்டேன் என்றார். பதிவையும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்ய 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. எழுதியவர் வேறு ஆளாக இருக்கட்டும், அனுப்பிய விரல் உங்களுடையது என்றால் பொறுப்பும் உங்களுடையதுதான். இந்த இடத்தில் சட்டம் கறாராக இருப்பதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று பரவிய வாட்ஸ்அப் வதந்தியால் பழவேற்காட்டில் ஒருவரை அடித்தே கொன்றார்கள். உங்கள் ஊரிலிருந்து வண்டியில் போனால் சில மணி நேர தூரம்கூட இல்லை.

ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஐந்து கைக்கு மேல் மாறி வந்தது என்று பொருள். அப்படிப்பட்டதை ஒரு முறைக்கு ஒரு சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020 ஏப்ரலிலேயே வாட்ஸ்அப் கட்டுப்படுத்திவிட்டது. அதைக் கண்டதும் கையை எடுத்துவிடுங்கள். "நம்ம ஏரியாவில் இப்போ நடக்குது" என்று வரும் வீடியோவில் முதலில் வண்டி நம்பரைப் பாருங்கள். டி.என். 03, 04, 05 நம்ம பக்கம். ஒரு வண்டிகூட அப்படி இல்லை, கடைப் பலகையில் தமிழே இல்லை என்றால் சந்தேகப்படலாம். ஒவ்வொரு மழைக்கும் 2015 வெள்ளப் படங்கள் தவறாமல் திரும்பி வருகின்றன. வீடியோவை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டால் பழையதில் பாதி அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆடியோவுக்கு இந்த வித்தை பலிக்காது. "நம்ம இன்ஸ்பெக்டர் பேசுறார் கேளுங்க" என்று வரும் குரல் செயற்கை நுண்ணறிவில் செய்ததா இல்லையா என்று காதால் கேட்டுச் சொல்லும் காலம் போய்விட்டது. ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது ஒன்றுதான் வழி.

மோசமான பதிவு குரூப்பில் விழுந்தால், அனுப்பியவர் நம்பரும் நேரமும் தெரியும்படி முதலில் ஸ்கிரீன்ஷாட். பிறகு அதை அழுத்திப் பிடித்து, எல்லாருக்கும் அழியும்படி நீக்குங்கள். அட்மினுக்கு அந்த வசதி உண்டு, நீக்கியது எந்த அட்மின் என்பதும் அங்கேயே தெரியும். "இது உறுதியாகாத செய்தி, நீக்கியிருக்கிறேன்" என்று ஒரு வரி போடுங்கள். கொலை, கலவரம், தேர்தல் முடிவு மாதிரியான இரவுகளில் அட்மின்கள் மட்டும் பதிவிடும்படி செட்டிங்கை மாற்றிவிட்டுத் தூங்கப் போகலாம்.

இனி தண்ணீர் வீடியோ. உங்கள் புகார் ஏன் நிற்காமல் போகிறது தெரியுமா? நம் பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. தண்ணீர் விடாத நேரத்தில் குடிநீர்க் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். விரிசல் இருந்தால் வெளியே தேங்கிய சாக்கடை உள்ளே இறங்கும். மறுபடி தண்ணீர் திறந்ததும் முதல் சில நிமிடம் கறுப்பாக, நாற்றத்தோடு வந்து, பிறகு தெளிந்துவிடும். பதினோரு மணிக்கு வந்து பார்க்கும் அதிகாரிக்கு நல்ல தண்ணீர்தான் தெரியும். வீடியோ பொய் என்பார், அவர் கண்ணுக்கு அது பொய்தான்.

அதனால் தண்ணீர் விடும் நேரத்துக்கு முன்பே பம்புப் பக்கத்தில் நில்லுங்கள். தெருப் பெயர்ப் பலகையையோ மின்கம்ப எண்ணையோ முதலில் காட்டி, தேதியையும் நேரத்தையும் வாயால் சொல்லி, கேமராவை நிறுத்தாமல் பம்புக்குத் திருப்புங்கள். முதல் அடியிலிருந்து தண்ணீர் தெளியும் வரை ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். நடுவில் ஒரு வெட்டு இருந்தால் "வேற இடத்துல எடுத்து ஒட்டிட்டாங்க" என்பார்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெள்ளைத்தாளுக்கு முன்னால் வைத்துக் காட்டினால் நிறம் தெரியும். இதையே மூன்று நாள், அதே நேரத்தில் செய்யுங்கள். ஒரு நாள் வீடியோவை விபத்து என்று தள்ளிவிடலாம், மூன்று நாளை அப்படித் தள்ள முடியாது.

ஒரிஜினல் ஃபைலைத் தொடாதீர்கள். பாட்டு சேர்ப்பது, ஓரத்தை வெட்டுவது, எழுத்து ஓடவிடுவது எல்லாம் நகலில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் அந்த ஃபைலின் 'ஹேஷ்' எண்ணை, அதாவது ஃபைலின் கைரேகை மாதிரியான ஒரு எண்ணை, குறிப்பிட வேண்டும். ஃபைலில் ஒரு நொடியை வெட்டினாலும் அந்த எண் முழுதாக மாறிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் ஆப்பே அதைச் சுருக்கிவிடுகிறது, அதுவும் வேறு ஃபைல்தான். யாருக்காவது ஒரிஜினலைத் தர வேண்டும் என்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், இல்லாவிட்டால் பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள்.

மேலே என்ன எழுதுவது? இந்த இரண்டையும் பாருங்கள். ஒன்று: "எங்கள் தெரு அடிபம்பில் 12-ஆம் தேதி காலை 6.10-க்கு வந்த தண்ணீர். மெட்ரோ வாட்டரில் கொடுத்த புகார் எண் இது. இன்று வரை சரி செய்யவில்லை." இன்னொன்று: "கமிஷன் வாங்கித் தின்ற கவுன்சிலரின் லட்சணம்." முதலாவதில் ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது. இரண்டாவதில் கமிஷன் என்ற சொல்லுக்கு என்ன இருக்கிறது? பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் பொது நன்மைக்காகச் சொன்ன உண்மையும், அரசு ஊழியரின் அலுவல் நடத்தை பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்தும் அதே பிரிவில் விதிவிலக்குகள். அவதூறுக்குப் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். நஷ்டஈடு கேட்டுச் சிவில் வழக்கு என்றால், அதிகாரிகளின் அலுவல் செயல்பாட்டைப் பற்றி எழுதியதற்கு அவ்வளவு சுலபமாக ஜெயிக்க முடியாது. எழுதியது பொய் என்பதோடு, உண்மையா என்று பார்க்கக்கூட அக்கறைப்படாமல் எழுதினார்கள் என்றும் அவர்கள் நிரூபிக்க வேண்டும். 1994-ல் ஆட்டோ சங்கர் தொடரை வெளியிடுவது பற்றி நக்கீரன் நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இது. நம் ஊர் வார இதழ் வாங்கித் தந்த தீர்ப்பு; நாடு முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஸ்டேஷனிலிருந்து போனில் கூப்பிட்டால், மரியாதையாக, எழுத்தில் நோட்டீஸ் தரச் சொல்லுங்கள். குற்றம் சாட்டப்படுபவருக்கு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 35(3) பிரிவில் வர வேண்டிய அந்த நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆகவே வாட்ஸ்அப்பில் சீல் குத்திய நோட்டீஸ் வந்து, பின்னாலேயே பணம் கேட்டு வீடியோ கால் வந்தால் அது மோசடி, சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குச் சொல்லுங்கள். நிஜமான நோட்டீஸ் கையில் கொடுக்கப்பட்டால் போகாமல் இருக்காதீர்கள், போனால்தான் கைதிலிருந்து அந்தப் பிரிவு தரும் பாதுகாப்பு நிற்கும். சாட்சியாக மட்டும் கூப்பிட்டால், பெண்களையும் அறுபது வயதைத் தாண்டிய ஆண்களையும் அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். போனை எடுத்துக்கொண்டால் பறிமுதல் பட்டியலில் அந்த போனுக்கே உரிய ஐ.எம்.இ.ஐ. அடையாள எண்ணோடு எழுதி வாங்குங்கள். வக்கீலுக்கு வசதி இல்லை என்றால் இலவசச் சட்ட உதவி எண் 15100.

டிவி விஷயத்துக்கு வருவோம். வடசென்னை என்றாலே கத்தி, கஞ்சா என்று காட்டுவது ஏன்? கிரைம் நிருபருக்குச் செய்தி வருவது போலீஸ் குறிப்பிலிருந்து. சம்பவ இடத்துக் காட்சி கிடைக்காதபோது எடிட்டர் பழைய காட்சிகளில் 'வடசென்னை' என்று தேடி, வந்ததை ஒட்டுகிறார். கேரம் பலகை அப்படித்தான் கொலைச் செய்திக்குள் போயிருக்கும். 2024-ல் உலகக் கேரம் பட்டம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண் என்பது அந்த எடிட்டருக்கு நினைவுக்கு வராது.

ஆனால் புகாரில் "எங்கள் பகுதியை இழிவுபடுத்துகிறார்கள்" என்று எழுதாதீர்கள். சார்பு என்று எழுதினால் "அது எங்கள் பார்வை" என்று பதில் வரும். பிழை என்று எழுதினால் அவர்கள் பிழையா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். இப்படி எழுதுங்கள்: இந்தத் தேதி, இத்தனை மணிச் செய்தியில், இத்தனையாவது நிமிடம் வந்த காட்சி இந்தச் சம்பவத்துக்குத் தொடர்பில்லாதது, பழைய காட்சி என்று திரையில் குறிப்பிடவில்லை, வழக்கில் தொடர்பில்லாத, பதினெட்டு வயது நிரம்பாத இத்தனை பேரின் முகம் மறைக்கப்படவில்லை, எங்கள் தரப்பைக் கேட்கவில்லை. முடிவில் மூன்று கோரிக்கை போதும்: காட்சியை நீக்குவது, அதே நேரச் செய்தியில் திருத்தம் சொல்வது, யூடியூப் பதிவையும் எடுப்பது.

2021 ஜூனில் திருத்திய கேபிள் டிவி விதிகளின்படி, சேனல் 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் அடுத்த 15 நாளில் அந்தச் சேனல் உறுப்பினராக இருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு, அவர்களுக்கு 60 நாள். அதற்கும் மேலே மத்திய அரசு. செய்திச் சேனல்கள் பலவற்றுக்கு அந்தச் சுயகட்டுப்பாட்டு அமைப்பு என்.பி.டி.எஸ்.ஏ. (நியூஸ் பிராட்காஸ்டிங் அண்ட் டிஜிட்டல் ஸ்டாண்டர்ட்ஸ் அத்தாரிட்டி); அதில் சேராத சேனல்களும் உண்டு, எனவே முதலில் அதைப் பாருங்கள். என்.பி.டி.எஸ்.ஏ.வுக்குப் போக வேண்டும் என்றால், சேனலுக்கு எழுதும் முதல் புகார் ஒளிபரப்பான 7 நாளுக்குள் போயிருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒளிபரப்பியதைச் சேனல்கள் 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்பதால், தேதியும் நேரமும் சரியாக இருந்தால் காட்சியே இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தாலும் நீங்களும் திரையைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதே செய்தி நாளிதழில் வந்திருந்தால் முதலில் ஆசிரியருக்கு எழுதி, செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்குப் போகலாம். அபராதம் போடும் அதிகாரம் அதற்கு இல்லை, எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான். யூடியூபை மட்டும் நம்பி நடக்கும் சேனல்களுக்குக் கேபிள் டிவி விதிகளின் இந்தப் படிக்கட்டு பொருந்தாது. அங்கே யூடியூபின் தனியுரிமைப் புகார்ப் படிவம்தான் விரைவான வழி: முகம் தெரியும் பையனோ, அவன் சிறுவன் என்றால் பெற்றோரோ, எந்த நொடியில் தெரிகிறது என்று குறித்து அனுப்ப வேண்டும். பதிவேற்றியவருக்கு 48 மணி நேர அவகாசம் கொடுத்துவிட்டு யூடியூப் அதைப் பார்க்கும். குரூப்பின் பெயரில் அட்மின் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தனித்தனியாகப் போக வேண்டும்.