பேசும் மொழியும் சைகை மொழியும் நேரம், இடம் பற்றிய நம் எண்ணத்தை மாற்றுமா?

ஓரளவு மாற்றும். மொழி தினமும் எதைக் கவனிக்கச் சொல்கிறதோ, அதில் மனம் பழகிவிடுகிறது. ஒரே ஒழுங்கையால் தினம் சைக்கிளில் போகிறவருக்குப் பள்ளம் எங்கே என்று கைக்கே தெரிகிற மாதிரி.

யாழ்ப்பாணத்தில் வழி கேளுங்கள். "தம்பி, கிழக்குப் பக்கமாத் திரும்பும், மூண்டாவது படலை" என்பார் ஒரு ஐயா. கிழக்கு தெரியாவிட்டால் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர முடியாது. ஆஸ்திரேலியாவின் கூக் தாயோர் மொழிக்காரர்கள் இதில் இன்னும் ஒருபடி மேலே. ஒருவரின் இளமை முதல் முதுமை வரையான படங்களை அடுக்கச் சொன்னபோது, எப்பக்கம் பார்த்து உட்கார்ந்தாலும் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காகவே அடுக்கினார்கள். சூரியன் போகிற வழி அது!

சைகை மொழியில் இடமே இலக்கணம். அமெரிக்கச் சைகை மொழியில் 'நேற்று' என்றால் கை பின்னே போகும், 'நாளை' என்றால் முன்னே. மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவில் இடது, வலது பக்கங்களைச் சைகையில் ஒழுங்காகக் காட்டப் பழகியவர்கள், ஒளித்துவைத்த பொருளையும் நன்றாகக் கண்டுபிடித்தார்கள். தமிழையும் பாருங்கள், ஒரே 'முன்' இடத்துக்கும் வரும், காலத்துக்கும் வரும்: 'முன்னே' எதிரில் இருப்பது, 'முன்னோர்' கடந்துபோனவர்.

அப்புறம், சொல் இல்லாததை நினைக்கவே முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை, திசை சொல்லிப் பழகாதவரும் பழகிக்கொள்ளலாம்.