அடுப்பில்லாத மாடிகள், நான்கு மத்தி மீன்கள்: ரோமானியர் வாழ்க்கை குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பலவும் பேரரசர்களை விட்டுவிட்டு, வாடகை அறையிலும் ரொட்டிக் கடையிலும் வாழ்நாளைக் கழித்த எளிய மனிதர்களைப் பற்றியவை. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ரோமானிய வீடு என்றாலே முற்றமும் தூண்களும் சுவரோவியங்களும் நினைவுக்கு வருகின்றன. ரோம் நகரில் எல்லாரும் அப்படித்தான் வாழ்ந்தார்களா?

இல்லை. முற்றம் வைத்த வீடு வசதி படைத்தவர்களுடையது. தலைநகர மக்களில் பெரும்பாலோர் ‘இன்சுலா’ எனப்பட்ட பல மாடிக் கட்டடங்களில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். இலத்தீனில் அச்சொல்லுக்குத் தீவு என்று பொருள். தரைத்தளத்தில் கடைகள் இருக்கும். மேலே ஏற ஏற அறைகள் சிறுக்கும், குடியிருப்போரின் வறுமை கூடும். கட்டடங்கள் இடிந்து விழுவதும் தீப்பற்றுவதும் அடிக்கடி நிகழ்ந்ததால், தெருவோரக் கட்டடங்களின் உயரத்தை 70 ரோமானிய அடிக்குள், அதாவது ஏறத்தாழ 20 மீட்டருக்குள், பேரரசர் அகஸ்டஸ் கட்டுப்படுத்தினார். பின்னர் பேரரசர் டிராஜன் அதை 60 அடியாகக் குறைத்தார்.

மேல்மாடிகளுக்குக் குழாய்த் தண்ணீர் ஏறாது. தெரு நீரூற்றிலிருந்து சுமந்து வர வேண்டும். தனிச் சமையலறையும் பெரும்பாலும் கிடையாது. ஆகவே சூடான உணவுக்குத் தெருக்கடையே கதி. கல்மேடையில் மண்சாடிகளைப் பதித்து வைத்த இத்தகைய கடைகள், எரிமலை வெடிப்பில் புதையுண்ட பொம்பே நகரில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. 2020-இல் முழுமையாக வெளிப்பட்ட ஒரு கடையில் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சங்கள் இருந்தன. வெளியே சாப்பிடுவதை நாம் வசதியின் அடையாளமாகக் கருதுகிறோம்; அங்கே அது வீட்டில் அடுப்பு மூட்ட இடமில்லாதவர்களின் வழக்கம்.

கேள்வி: ரோமில் ஏழைகளுக்கு அரசு இலவசமாக ரொட்டி கொடுத்தது உண்மையா?

பாதி உண்மை. நீண்ட காலம் கொடுக்கப்பட்டது ரொட்டியன்று, தானியம். கி.மு. 123-இல் கையஸ் கிராக்கஸ் என்ற அரசியல் தலைவர் கொண்டுவந்த சட்டம் கோதுமையை மலிவு விலைக்கு விற்கச் செய்தது, கி.மு. 58-இல் கிளோடியஸ் என்ற இன்னொரு அரசியல் தலைவர் அதை முற்றிலும் இலவசமாக்கினார். பயனாளிகள் 3,20,000 பேராகப் பெருகியபோது ஜூலியஸ் சீசர் பட்டியலை 1,50,000 ஆகக் குறைத்தார். பட்டியலில் இருந்தவர்கள் ரோம் நகரில் வசித்த ஆண் குடிமக்கள். வறுமை ஒரு தகுதியாகக் கேட்கப்படவில்லை. மாதம் ஆளுக்கு 5 மோடியஸ், அதாவது சுமார் 33 கிலோ கோதுமை கிடைத்தது. அதை அரைத்துச் சுட்டுக்கொள்வது அவரவர் பாடு. அரசே ரொட்டியாகச் சுட்டுத் தரத் தொடங்கியது கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பேரரசர் அரேலியன் காலத்தில்தான்.

அந்த ரொட்டி எப்படி இருந்தது என்பதை நாம் கண்ணாலேயே காணலாம். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பேயின் ஓர் அடுமனையில் அடுப்புக்குள் இருந்த 81 ரொட்டிகள் கரியாகி அப்படியே நிலைத்துவிட்டன. வட்ட வடிவம், எட்டுத் துண்டாகப் பிய்ப்பதற்கு மேலே கீறல்கள். பக்கத்து நகரமான ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒரு ரொட்டியில், குவின்டஸ் கிரானியஸ் வேரஸ் என்பவரின் அடிமையான கெலெர் என்று முத்திரை குத்தப்பட்டுள்ளது. அடிமைகளின் பெயர்கள் வரலாற்றில் மிக அரிதாகவே எஞ்சுகின்றன. அதனால்தான் அரண்மனைக் கல்வெட்டுகள் பலவற்றைவிட இந்த ரொட்டியை நான் உயர்வாக மதிக்கிறேன்.

கேள்வி: விருந்தில் உண்டதை வாந்தியெடுத்துவிட்டு மீண்டும் உண்பதற்காக ‘வாமிட்டோரியம்’ என்ற தனியறை இருந்ததாமே?

அப்படி ஓர் அறை இருந்ததில்லை. அச்சொல் விளையாட்டரங்குகளில் பார்வையாளர் கூட்டம் வெளியேறும் வழியைக் குறித்தது.

கேள்வி: நம் மிளகு ரோமானியப் பணக்காரர்களுக்கு மட்டும்தான் எட்டியதா?

யவனரின் மரக்கலங்கள் முசிறிக்குப் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிறது அகநானூற்றின் 149-ஆம் பாடல்; கறி என்பது மிளகு. அது போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு ரோமானிய இராத்தல், அதாவது சுமார் 327 கிராம் கருமிளகு, 4 தினாரியஸ் என்னும் வெள்ளிக்காசு விலைக்கு விற்றது என ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். அக்காலப் படைவீரரின் ஆண்டு ஊதியம் 225 தினாரியஸ் என்பதால், அந்த விலை ஏறக்குறைய ஒரு வாரச் சம்பளம் ஆகிறது. விலை அதிகம்தான், ஆனால் எட்டாததன்று, ஏனெனில் ஒரு சிட்டிகையே ஒரு சட்டிக்குப் போதும். ரோமானியப் பிரிட்டனின் வட எல்லையில் இருந்த விண்டோலாண்டா கோட்டையில் மெல்லிய மரத்தகட்டில் எழுதிய ஒரு கணக்கு கிடைத்திருக்கிறது. தாப்போவின் மகன் கம்பாக்ஸ் என்பவர் பெயருக்கு நேரே மிளகுக்காக 2 தினாரியஸ் அதில் குறிக்கப்பட்டுள்ளது. மேற்கு மலைத்தொடரின் ஈரக்காட்டில் காய்த்த மிளகு அந்தக் குளிர் எல்லையில் ஒரு சாதாரண ஆளின் கணக்கில் ஏறியிருப்பதை நினைக்கும்போதெல்லாம் வியப்பு மேலிடுகிறது.

கேள்வி: ஏழைகளும் அடிமைகளும் இறந்தால் யார் அடக்கம் செய்வார்கள்?

பலர் உயிரோடிருக்கும்போதே சங்கம் சேர்ந்து சேமித்தார்கள். ரோமுக்குத் தெற்கே லனுவியத்தில் கி.பி. 136-இல் செயல்பட்ட அத்தகைய சங்கத்தின் விதிகள் கல்வெட்டாகக் கிடைத்துள்ளன. சேர்க்கைக் கட்டணம் 100 செஸ்டர்ஸ் என்னும் ரோமானியக் காசும் ஒரு சாடி நல்ல மதுவும். மாதச் சந்தா 5 அஸ் என்னும் சிறு காசு. உறுப்பினர் இறந்தால் ஈமச்செலவுக்கு 300 செஸ்டர்ஸ் வழங்கப்படும். நகரிலிருந்து 20 மைலுக்கு அப்பால் இறந்தால், தகவல் எட்டியதும் மூவர் புறப்பட்டுச் சென்று காரியத்தை முடிப்பார்கள். அடிமைகளும் இதில் உறுப்பினர்கள். உடலைத் தர ஆண்டான் மறுத்துவிட்டால், உடலின்றியே உருவம் வைத்து இறுதிச் சடங்கு நடத்த வேண்டும் என்று விதி சொல்கிறது. இந்த ஒரு வரியில் இருக்கும் உறுதி என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது.

சங்க விருந்தில் ஆளுக்கு 2 அஸ் விலையுள்ள ரொட்டியும் நான்கு மத்தி மீன்களும் உண்டு. இன்னொருவரை இழிவாகப் பேசினால் 12 செஸ்டர்ஸ் அபராதம். மனக்குறை எதுவாயினும் அதைச் சங்கத்தின் அலுவல் கூட்டத்தில்தான் எழுப்ப வேண்டும். விழா நாட்களில் எல்லாரும் நிம்மதியாகவும் மகிழ்ச்சியாகவும் உண்ண வேண்டும் என்பதே அதற்கு அவர்கள் கல்லில் பொறித்து வைத்த காரணம்.