தலை–தோள் வடிவத்தை நிரல் எப்படிப் பிடிக்கிறது?

விலை வரைபடத்தில் 'தலையும் தோள்களும்' வடிவத்தை, அதாவது மூன்று உச்சங்களில் நடு உச்சம் மட்டும் உயர்ந்து நிற்பதை, கணினி எப்படிக் காண்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அது படத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. எண்களை ஒப்பிட்டாலே போதும். நிதிப் பொருளியலாளர் ஆண்ட்ரூ லோ குழுவினர் அமெரிக்கப் பங்குகளுக்காக 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையில், தினசரி விலைகளை முதலில் மென்மையாக்கி, அதாவது சின்ன ஏற்ற இறக்கங்களை மழுக்கி, உச்சங்களையும் பள்ளங்களையும் பொறுக்குவார்கள். அடுத்தடுத்த ஐந்து புள்ளிகளில் முதலாவது உச்சம். மூன்றாவது, அதாவது தலை, முதலாவதையும் ஐந்தாவதையும்விட உயரம். தோள்களான முதலாவதும் ஐந்தாவதும் தம் சராசரியிலிருந்து 1.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டாவதும் நான்காவதுமான பள்ளங்களுக்கும் அதே 1.5 சதவீத விதி.

தகராறெல்லாம் மென்மையாக்கலில்தான். கூடினால் தோளே காணாமல் போகும். குறைந்தால் சின்ன நெளிவுகூட உச்சமாகிவிடும். இன்னொன்று, கடைசித் தோள் உச்சம்தான் என்பது அடுத்த சில நாள் விலை வந்த பிறகே உறுதியாகும். பழைய தரவில் சோதிக்கும்போது இந்தத் தாமதத்தை விட்டுவிட்டால், கிடைக்கவே முடியாத லாபம் கணக்கில் ஏறிவிடும்.