பாஸ்வேர்டை அணைத்த பிறகும் எஸ்எஸ்எச் சர்வர் பாஸ்வேர்ட் கேட்கிறதே, ஏன்?

கேள்வி: உபுண்டு சர்வரில், தூரத்திலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் அமைப்புக் கோப்பான எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்கின் கடைசியில் ‘பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் நோ’ என்று எழுதி ரீஸ்டார்ட் செய்தேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் பாஸ்வேர்ட் போட்டால் இன்னமும் உள்ளே விடுகிறது. எங்கே தப்பு?

பதில்: எழுதிய வரி சரிதான், எழுதிய இடம்தான் தப்பு.

நானும் இதில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். இருப்பது குன்னூரில், பார்த்துக்கொள்வது கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் சர்வரை. சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் போடுகிற இடம் அது, யார் எந்தத் தேதியில் எத்தனை கிலோ இலை போட்டார், எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்ற கணக்கு முழுக்க அந்த ஒரு பெட்டியில் இருக்கிறது. ஒரு நாள், நடப்பதையெல்லாம் சர்வர் குறித்து வைக்கும் லாகைத் திறந்தால் ‘ஃபெயில்ட் பாஸ்வேர்ட் ஃபார் ரூட்’ என்று வரி வரியாக ஓடுகிறது, எங்கிருந்தோ யாரோ நிமிடத்துக்கு நாலு தடவை கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள். உங்களை மாதிரியே உடனே அந்த வரியைச் சேர்த்தேன், உங்களை மாதிரியே ஒன்றும் நடக்கவில்லை.

காரணம் இதுதான். பெரும்பாலான மென்பொருள்களில் ஒரே அமைப்பை இரண்டு இடத்தில் எழுதினால் கடைசியில் இருப்பதுதான் செல்லும், எஸ்எஸ்எச் சேவையைத் தரும் ஓபன்எஸ்எஸ்எச் சர்வர் அதற்கு நேர் எதிர். மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும், ஒரு சொல்லுக்கு முதலில் கிடைத்த மதிப்பைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் வருவதைத் திரும்பியும் பார்க்காது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அது மாதிரி முதல் துண்டுக்குத்தான் சீட். 2020 பிப்ரவரியில் வந்த 8.2 பதிப்பில் வேறு கோப்புகளையும் உள்ளே இழுத்துப் படிக்கும் ‘இன்க்ளூட்’ என்ற வசதியைச் சேர்த்தார்கள். உபுண்டு அந்த வரியைக் கோப்பின் தலையிலேயே வைத்துவிட்டது, அதனால் எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி என்ற அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) இருக்கிற கோப்புகளைத்தான் சர்வர் முதலில் படிக்கும். அங்கே போய்ப் பாருங்கள், ‘50-கிளவுட்-இனிட்.கான்ஃப்’ என்று ஒரு கோப்பு உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம், உள்ளே ஒரே ஒரு வரி: ‘பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் யெஸ்’. நீங்கள் எழுதாதது, இன்ஸ்டால் ஆகும்போதே வந்தது.

அந்த 50-ஐத் திருத்த வேண்டாம், சர்வரை முதலில் அமைத்துத் தரும் கிளவுட்-இனிட் என்ற மென்பொருள் அதைத் திரும்ப எழுதிவிடலாம். அதே அடைவில் 01 என்று தொடங்கும் பெயரில் உங்களுக்கென ஒரு கோப்பு வைத்து அதில் ‘நோ’ எழுதுங்கள். பெயர் வரிசைப்படிதான் படிக்கும், ஆகவே உங்கள் துண்டு முதலில் விழும்.

ஆனால் இதையும் நம்பி விட்டுவிடாதீர்கள். கோப்பைத் திறந்து கண்ணால் படித்து ‘சரியாகத்தானே இருக்கிறது’ என்று உட்கார்ந்ததில்தான் என் இரண்டு நாளும் போனது. சர்வர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று சர்வரிடமே கேளுங்கள்: சூடோ (நிர்வாகி அதிகாரம்) போட்டு எஸ்எஸ்எச்டி, ஒரு சிறு கோடு, பெரிய டி (‘டெஸ்ட்’ என்பதன் முதல் எழுத்து). எல்லாக் கோப்புகளையும் படித்து முடித்து அது எடுத்துக்கொண்ட இறுதி மதிப்புகள் முழுக்க வரும், கிரெப் கட்டளையால் தேடி ‘பாஸ்வேர்ட்’ வரியைப் பாருங்கள். சின்ன டி போட்டால் மதிப்புகளைக் காட்டாது, பிழை இருக்கிறதா என்றுதான் பார்க்கும், ரீஸ்டார்ட் செய்யும்போதும் அந்தச் சோதனைதான் நடக்கிறது, உங்களுக்குப் பிழை வராததற்கு அதுதான் காரணம், எழுதியதில் பிழை இல்லையே. குறிப்பிட்ட யூசருக்கோ முகவரிக்கோ மட்டும் பொருந்தும் ‘மேட்ச்’ பகுதிகள் வைத்திருந்தால் கூடவே பெரிய சி போட்டு யூசர், ஹோஸ்ட், அட்ரஸ் கொடுங்கள், இல்லையென்றால் அந்த யூசருக்கு மட்டும் பொருந்தும் மதிப்பு தெரியாது. மேட்ச் வரிக்குக் கீழே எழுதுவதெல்லாம் அடுத்த மேட்ச் வரை, அல்லது கோப்பு முடியும் வரை அதற்குள்ளேயே அடங்கிவிடும், கோப்பின் கடைசியில் சேர்க்கிற பழக்கம் இங்கேயும் காலை வாரிவிடும்.

பெரிய டி ‘நோ’ என்று சொல்லி, ரீஸ்டார்ட் செய்த பிறகும் கேட்கிறதா? கேட்கும் விதத்தைக் கவனியுங்கள். யூசர் பெயரும் சர்வர் பெயரும் வந்து அதன் பின் ‘’ஸ் பாஸ்வேர்ட்’ என்று முடிந்தால் அது பாஸ்வேர்ட் வழி. அந்த ‘’ஸ்’ இல்லாமல் ‘பாஸ்வேர்ட்:’ என்று மட்டும் முடிந்தால் அது, லினக்ஸின் உள்நுழைவுச் சோதனை அமைப்பான பாம் மூலமாக வரும் கீபோர்ட்-இன்டராக்டிவ் வழி, அதற்கு ‘கேபிடிஇன்டராக்டிவ்ஆதென்டிகேஷன் நோ’ தனியாக எழுத வேண்டும்.

இனி சொல்வதைத் தயவுசெய்து அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எஸ்எஸ்எச்சில் கை வைக்கும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தாலும் அது அறுந்து போகாது. இன்னொரு டெர்மினலில், பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் சாவிக் கோப்பை வைத்து நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகே மூட வேண்டும். நான் மூடிவிட்டேன். பாஸ்வேர்ட் வழி ஒருவழியாக அடைந்துவிட்டது என்ற நிம்மதியில் சாவியைச் சோதிக்காமல் மூடினேன், மறுபடி நுழையப் போனால் ‘பெர்மிஷன் டினைட்’, வேறு ஒரு வார்த்தை இல்லை. நவம்பர் மாதம், மூன்று நாளாக விடாத மழை, கோத்தகிரி சாலையில் மரம் விழுந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். சுமார் இருபது கிலோமீட்டர்தான், ஆனால் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு. வாட்ச்மேன் அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, இந்த மழையில? ஃபோன் பண்ணியிருந்தா நானே ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருப்பேனே” என்றார். மேலே இலை வாட்டும் ஃபேன்கள் ஓடுகிற சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் தீராது. மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டி லாகைப் பார்த்தபோது ஒரே வரியில் விஷயம் இருந்தது: ‘ஆதென்டிகேஷன் ரெஃப்யூஸ்ட்: பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் டைரக்டரி’, அதன் பக்கத்தில் என் ஹோம் அடைவு. எடைக் கணக்குக் கோப்புகளைப் போட வசதியாக இருக்கட்டும் என்று ஆபீசில் யாரோ அந்த அடைவுக்கு 777, அதாவது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி, கொடுத்திருந்தார்கள். ஹோமிலோ .எஸ்எஸ்எச் அடைவிலோ மற்றவர்கள் எழுத முடிந்தால் சர்வர் சாவியை ஏற்காது. ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் என்ற அந்தக் காவல் இயல்பாகவே இயங்கும், அதை அணைக்கவும் கூடாது. ஹோமை 755, .எஸ்எஸ்எச்சை 700, அதற்குள் சாவிகளின் பட்டியல் இருக்கும் ஆதரைஸ்ட்_கீஸை 600 ஆக்கினேன், உடனே திறந்தது. உள்ளே விடாததற்கான காரணத்தை சர்வர் தன் லாகில்தான் எழுதும், வெளியே நிற்பவரிடம் சொல்லாது. அந்நியருக்கு எந்தத் துப்பும் கிடைக்கக் கூடாது என்றுதான் இப்படி, ஆனால் மாட்டிக்கொண்டு நிற்பது நாமாக இருக்கும்போது இது பெரிய சோதனை. அதனால் சோதிக்கும்போது திறந்து வைத்த இணைப்பில், லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லை ஓட விட்டுப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் வெளியிலிருந்து ‘பப்கீஆதென்டிகேஷன்=நோ’ என்ற ஆப்ஷன் கொடுத்து வேண்டுமென்றே சாவி இல்லாமல் நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்காமலே ‘பெர்மிஷன் டினைட்’ என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் ‘பப்ளிக்கீ’ மட்டும் காட்டினால் கதவு அடைந்துவிட்டது. அங்கே ‘பாஸ்வேர்ட்’ என்ற சொல் இன்னும் தெரிந்தால், பெரிய டி கொடுத்த வெளியீட்டில் ‘ஆதென்டிகேஷன்’ என்று வரும் வரிகளையும் அந்த அடைவில் இருக்கும் கோப்புப் பெயர்களையும் இங்கே கமென்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.